கலைச்சொல் வேண்டல்: ஸ்பிண்டில் பாய்சன்

குழுவினருக்கு வணக்கம்.

மருந்தாளுநர் கையேட்டுக்காக 'ஸ்பிண்டில் பாய்சன்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். செல் பகுபடும்போது குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் கதிர்கோலை (ஸ்பிண்டில்) கெடுக்கும் புற்றுநோய் மருந்து வகை அது. நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின், பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டெடுத்த பாக்ளிடாக்செல் மூன்றையும் அந்தச் சொல் சேர்த்துச் சுட்ட வேண்டும். 'கதிர்கோல் நஞ்சு' என்று எழுதி வைத்திருக்கிறேன். 'செல்பகுப்புத் தடுப்பி' சரிவருமா?

———

> கதிர்கோல் நஞ்சு

வேண்டாம் ஐயா. புற்றுநோய்ப் பிரிவில் 'கதிர்' என்றாலே கதிர்வீச்சுதான் நினைவுக்கு வரும்.

> செல்பகுப்புத் தடுப்பி

பிழையில்லை, ஆனால் பாதியை மறைக்கிறது. வின்கிரிஸ்டின் ஏற்றினால் விரல் மரத்துப்போகும், மலச்சிக்கல் வரும். முதிர்ந்த நரம்புச் செல் பகுவதே இல்லையே, அது ஏன் அடிபடுகிறது? அதன் நீண்ட இழைக்குள் சரக்கு போய்வரும் தடம் நுண்குழல்கள். மருந்து பற்றுவது அவற்றின் புரதமான டியூபுலினை. பகுக்கும் செல்லில் கதிர்கோலாவதும் அதே நுண்குழல்தான். எனவே பெயர் அங்கிருந்தே தொடங்கட்டும்: நுண்குழல் முடக்கி.

உள்வகை இரண்டு வேண்டும். வின்கா மருந்துகளான வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் டியூபுலின் கூடிக் குழலாவதைத் தடுப்பவை, ஆகவே இணைவுத்தடுப்பி. செங்காந்தளின் கோல்சிசினும் இவ்வகையே. நச்சு மிகுதியால் அது புற்றுநோய்க்கு வராமல் கவுட் எனும் மூட்டுவீக்க நோய்க்கான மருந்தாக நின்றுவிட்டது. பாக்ளிடாக்செல் நேரெதிர், கட்டிய குழலைப் பிரியவே விடாது. 1979இல் சூசன் ஹார்விட்ஸ் குழு இதைக் காட்டியது. அதற்கு அவிழ்வுத்தடுப்பி.

———

இரண்டு உள்வகைப் பெயர்களும் நன்று. 'முடக்கி' மட்டும் உறுத்துகிறது. நோயாளி படித்தால் கைகால் முடங்கிவிடும் என்று அஞ்சமாட்டாரா? 'நுண்குழல் தடுப்பி' போதாதா?

———

போதாது அம்மா. பாக்ளிடாக்செல் குழலைத் தடுப்பதில்லை, இறுக்கி நிறுத்துகிறது. குழல் ஓயாமல் வளர்ந்து குறுகும் இயக்கம் நின்றுபோவதுதான் இரு வகைக்கும் பொது. அதை 'முடக்கி' சொல்கிறது. நோயாளிக்கான துண்டறிக்கையில் வகைப்பெயரே வேண்டாம், மருந்தின் பெயர் போதும்.

இதைவிட அவசரமாகத் திருத்த வேண்டியது ஒன்று. வரைவில் வின்கிரிஸ்டினுக்கு நேரே 'நரம்பு வழி மட்டும்' என்று இருக்கிறது. பேச்சில் 'நரம்பு ஊசி' என்றால் இரத்தக்குழாயில் போடுவது. ஆனால் அடுத்த பத்தியிலேயே 'நரம்புப் பாதிப்பு' வருகிறது. இந்த மருந்து தண்டுவட நீருக்குள் போனால் பெரும்பாலும் உயிர் போய்விடும். ஆகவே 'சிரைவழி மட்டும்' என்றும், அடுத்த வரியில் 'முதுகுத்தண்டில் செலுத்தக் கூடாது' என்றும் தடித்த எழுத்தில் வரட்டும். ஊசிக்குழலில் தராமல் சிறு பையில் நீர்த்துத் தரும் பரிந்துரையையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். முதுகில் போடும் வேறு மருந்தின் ஊசியோடு மாறிப்போகாமல் காப்பது அந்தப் பைதான்.