மூன்றாம் ஆண்டில் வேதியியலை விட்டுவிட்டு நீட் எழுதலாமா?

குடியாத்தம் மாணவி:
வணக்கம். வேலூரில் இளநிலை வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் படித்தேன். பன்னிரண்டில் உயிரியலும் இருந்தது. வீட்டு நிலைமையால் அப்போது நீட் எழுதவில்லை. சென்ற ஆண்டு பாட்டியை அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் சேர்த்து, பதினொரு நாள் உடனிருந்தேன். அங்கே பயிற்சி மருத்துவர் ஒருவர், பீடி சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன பாட்டியின் விரல்களைப் பிடித்தபடியே நோய் தொடங்கிய கதையைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை. கல்லூரியை நிறுத்திவிட்டு முழுநேரமாக நீட்டுக்குப் படிக்கலாமா?

ராணிப்பேட்டை அண்ணன்:
வேண்டாம், தங்கச்சி. என் தங்கை இதேபோல மூன்றாம் ஆண்டில் கல்லூரியை விட்டுவிட்டு ஒரு பயிற்சி மையத்தில் ரிப்பீட்டர் பேட்ச்சில் சேர்ந்தாள். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் தகுதி பெற்றாள். ஆனால் இடம் கிடைக்கவில்லை. அப்பா தோல் ஷெட்டில் வாங்கிய முன்பணம் முழுவதும் அதில் கரைந்தது. பட்டமும் கையில் இல்லை. கணக்கையும் பார். இருபத்திரண்டு வயதில் சேர்ந்தால், நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) பணியும் முடிய இருபத்தேழு தாண்டிவிடும்; மேற்படிப்பு மூன்றாண்டு என்றால் முப்பதும் தாண்டும். அதுவரை உன் வீடு யாருடைய சம்பாத்தியத்தில் நடக்கும்?

சத்துவாச்சாரி ஆசிரியர்:
வயதைக் காட்டி ஒரு பெண்ணை மறிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீட் தேர்வுக்கான வயது உச்சவரம்பு 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் உதவியின்றி இறந்ததைக் கண்ட பிறகே மருத்துவம் படிக்க முடிவெடுத்த ஐடா ஸ்கடர், 1870-இல் பிறந்து 1899-இல்தான் பட்டம் பெற்றார். மறு ஆண்டு வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கியதே இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அதைவிட முக்கியமானது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 2020-இல் தமிழ்நாட்டில் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த உரிமை, இடையில் கல்லூரிக்குப் போனதால் பறிபோவதில்லை. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ராணிப்பேட்டை நண்பரின் தங்கைக்கு இந்த ஒதுக்கீடு இருந்ததா?

ராணிப்பேட்டை அண்ணன்:
இல்லை ஐயா, அவள் மெட்ரிக் பள்ளியில் படித்தவள். அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐடா அம்மையாரை இங்கே சான்றாகக் காட்டாதீர்கள்; அவருடைய தந்தையும் பாட்டனாரும் மருத்துவர்கள். இந்தப் பெண்ணுக்குத் தோற்றால் தாங்கிப் பிடிக்க ஆளில்லை.

விலங்கியல் முடித்தவன்:
நான் பட்டம் முடித்தபின் மருத்துவத்தில் சேர்ந்து, இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். கல்லூரியை விடாதே, தங்கை. இன்னும் ஒரு செமஸ்டர்தான். அந்தப் பட்டம் இருந்ததால்தான், முதல்முறை இடம் கிடைக்காதபோது ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்துகொண்டே நான் படிக்க முடிந்தது. 720 மதிப்பெண்ணில் தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்தே 360. வேதியியலுக்கு 180, இயற்பியலுக்கு 180. மூன்றாண்டு வேதியியல் படித்த தெம்பில் நீ அந்தப் பாடத்தை எளிதாக எண்ணிவிடுவாய். நானும் விலங்கியலை அப்படி எண்ணித்தான், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் வரிகளில் வழுக்கி விழுந்தேன்; ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு மதிப்பெண் போய்விடும். 2024-இல் பாடத்திட்டம் குறைக்கப்பட்டிருப்பதால் பழைய குறிப்பேடுகளை இரவல் வாங்காதே. வரும் மே மாதம் ஒருமுறை எழுதிப் பார், பட்டம் வாங்கியபின் ஓராண்டு முழுநேரமாகப் படி, அதற்குமேல் நீட்டாதே. உடற்கூறியல் கூடத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் என்னை "அண்ணா" என்று அழைத்தது முதல் மாதம் உறுத்தியது. பிறகு நாங்கள் ஒன்றாகத்தான் எலும்புகளின் பெயர்களை உருப்போட்டோம்.

ராணிப்பேட்டை அண்ணன்:
ஓராண்டு என்பதை இப்போதே வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி வை. என் வீட்டில் அந்த எல்லையை யாரும் வைக்கவில்லை.

குடியாத்தம் மாணவி:
நேற்றிரவு அப்பாவிடம் பேசினேன். பட்டத்தை முடிப்பதாகவும், அதன்பின் ஒரே ஓராண்டு எடுத்துக்கொள்வதாகவும் சொன்னேன். அவர் "கடன் வாங்கமாட்டேன், வேறு எது வேண்டுமானாலும் செய்கிறேன்" என்றார். எனக்கு இயற்பியல்தான் அச்சம். குடியாத்தம் பக்கத்தில் அதைத் தமிழ்வழியில் நடத்தும் ஆசிரியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியும்.