கொள்ளுத்தாத்தாவோட போர் மெடல் கருத்துப்போய் பட்டையும் ஆடுது, வீட்டுலயே சரி பண்ணலாமா?

பழையபெட்டி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போர்ல இருந்தவர், அவரோட மெடல் ஒரு ட்ரங்க் பெட்டில துணிக்கு அடியில கெடந்து இப்பதான் என் கைக்கு வந்துருக்கு. வெள்ளிதான், ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல ஒருத்தர், 1914 1918ன்னு போட்டுருக்கு. மொத்தமும் கருகருன்னு இருக்கு. ரிப்பன் கோக்குற பட்டைக்குக் கீழ பச்சையா ஏதோ அப்பிருக்கு, அந்தப் பட்டையும் ஒரு பக்கம் விட்டுப்போய் ஆடுது, விளிம்புல ஒரு இடம் நசுங்கிருக்கு, ரிப்பன் தொட்டாலே நூல் நூலா வருது. வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ங்கறாங்க, நகைப் பட்டறைல குடுத்தா பாலிஷ் போட்டு, பட்டையைச் சூடு காட்டி பத்தவெச்சு ஒட்டியும் தருவாங்கங்கறாங்க. எனக்கு வேண்டியது ரெண்டுதான், விளிம்புல அவர் பேர் இருந்தா அதைப் படிக்கணும், அப்புறம் இது இன்னும் நாலு தலைமுறைக்குக் கெடாம இருக்கணும். என்ன பண்ணலாம்?

வெள்ளிக்காசு:
ரொம்ப ஈஸி. பாத்திரத்துல அலுமினியம் ஃபாயில் விரிச்சு, சுடுதண்ணி ஊத்தி, சமையல் சோடா போட்டு மெடலை அதுமேல வைங்க, கருப்பு தானா போயிடும். தேய்க்கவே வேணாம், வெள்ளியும் தேயாது.

பதக்கப்பிரியன்:
மேல சொன்னது ஸ்பூனுக்கு சரி, மெடலுக்கு தயவுசெஞ்சு வேணாம். அந்தக் கருப்பு சில்வர் சல்ஃபைடு, ஃபாயில் முறைல அது திரும்ப வெள்ளியா மாறுறது உண்மைதான், ஆனா அப்படி வர்ற வெள்ளி நுண்ணிய ஓட்டை ஓட்டையா உக்காரும், மங்கலா தெரியும், சீக்கிரமே மறுபடி கருக்கும். எழுத்துப் பள்ளத்துலயும் முடி வரிகள்லயும் இருக்கற கருப்புதான் உருவத்தையே எடுத்துக் காட்டுது, அதுவும் சேந்து போயிடும். போதாததுக்கு பட்டை விட்டுப்போன இடுக்குல சோடாத் தண்ணி போய்த் தங்கும். கடைல விக்கற வெள்ளி டிப் திரவமும் வேணாம், அதுல ஆசிட் இருக்கு. டூத்பேஸ்ட்ல இருக்கற பொடி அரத்தால ராவுற மாதிரி, முதல்ல ராஜாவோட கன்னமும் தாடியும்தான் மழுங்கும்.

உங்ககிட்ட இருக்கறது பிரிட்டிஷ் வார் மெடல், விட்டம் 36 மில்லிமீட்டர். இதை 60 லட்சத்துக்கு மேல அடிச்சாங்க, அதனால மெடல்னு பாத்தா அபூர்வம் இல்ல, விளிம்புல பொறிச்ச பேர்தான் அதை உங்க தாத்தாவோடதா ஆக்குது. அதனால சுத்தம் பண்றதுக்கு முன்னாடியே அதைப் படிங்க. இருட்டு ரூம்ல டார்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டுல சாச்சுப் பிடிச்சு மெதுவா சுத்துங்க, நிழல் விழுந்து எழுத்து எழும்பும், அப்படியே போட்டோ எடுத்துக்குங்க. நம்பர், ரேங்க், பேர், ரெஜிமெண்ட்னு ஒரே வரியா ஓடும். நசுங்கின இடத்தைத் தட்டி நிமித்தாதீங்க, எழுத்துமேல சுத்தி பட்டா அதோட போச்சு.

பச்சையை பல்குச்சியால லேசா தள்ளிப் பாத்து சொல்லுங்க, மெழுகு மாதிரி வருதா, பவுடர் மாதிரி உதிருதா?

பழையபெட்டி:
படிச்சுட்டேன்!! டார்ச் சாச்சதும் பேர் முழுசா வந்துருச்சு, ரெஜிமெண்ட் மட்டும் நசுங்கின இடத்துல ரெண்டு எழுத்து போச்சு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அழுதுட்டாங்க. பச்சை மெழுகு மாதிரி சுருண்டு வருது.

பதக்கப்பிரியன்:
ரொம்ப சந்தோஷம்ங்க. மெழுகா வந்தா நல்லது. இந்த வெள்ளில 7.5 சதவீதம் செம்பு கலந்துருக்கு, எண்ணெய்ப் பசையோ பதப்படுத்தின தோலோ பட்டு அந்தச் செம்பு பச்சையாகிருக்கு. ரிப்பனைக் கழட்டி வெச்சுட்டு, காத்தோட்டமா உக்காந்து, பஞ்சுக்குச்சில வொய்ட் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைக்கற மினரல் டர்பன்டைன் வகை) நனைச்சு ஊறவிட்டு பல்குச்சியால எடுங்க, ஊசி கத்தி எதுவும் வேணாம். வெளிர்பச்சைப் பவுடரா இருந்து, துடைச்சாலும் திரும்பத் திரும்ப வந்தா அது குளோரைடு அரிப்பு, வெண்கல மெடல்கள்ல அதிகம், அதை கன்சர்வேட்டர்தான், அதாவது பழம்பொருள் பாதுகாக்கற நிபுணர்தான் பாக்கணும்.

கருப்பை முழுசா எடுக்காதீங்க. பிரசிபிட்டேட்டட் சாக் பவுடரை (ரொம்ப நைசான கால்சியம் கார்பனேட் பொடி) டிஸ்டில்டு வாட்டர்ல தயிர் பதத்துக்குக் குழைச்சு, பஞ்சுக்குச்சியை அழுத்தாம உருட்டுங்க, பஞ்சு கருத்ததும் புதுசு எடுங்க. சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்திடுங்க, பள்ளத்துல இருட்டு இருக்கட்டும். டிஸ்டில்டு வாட்டர்ல அலசி நல்லா காயவெச்சு, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு (பழம்பொருளைக் காப்பாத்தப் பூசற மெழுகு) ரொம்ப மெல்லிசா ஒரு பூச்சு. இதெல்லாம் நைட்ரைல் கிளவுஸ் போட்டு பண்ணுங்க, கைவேர்வைல உப்பு இருக்கு, ரேகை அப்படியே வெள்ளில பதிஞ்சுடும்.

பத்துவேலை:
நான் வெள்ளி வேலை செய்யறவன், பட்டை பத்தி மட்டும் சொல்றேன். பத்தவைக்கவே வேணாம் தம்பி. பத்துப்பொடி வெச்சு நெருப்பு ஊதினா 600 டிகிரிக்கு மேல சூடு போகும், மேல்பரப்பு முழுக்க நிறம் மாறும், அப்புறம் அதைப் போக்க பாலிஷ் போட்டே ஆகணும், பாலிஷ் சக்கரத்துல வெச்சா எழுத்து போயிடும். சூடு கம்மின்னு ஈயப்பத்து வெச்சுடுவாங்க சிலர், அது அதைவிட மோசம், பின்னாடி யாராவது முறையா சரி பண்ண சூடு காட்டினா ஈயம் வெள்ளியை அரிச்சு குழி விட்டுரும். பட்டறைக்குக் குடுக்கறதா இருந்தா "பாலிஷ் போடாதீங்க"ன்னு நீங்க சொன்னாலும் பழக்கதோஷத்துல ஒரு கை போட்டுத்தான் தருவாங்க. ஆடுறது ஆடட்டும், தொங்கவிடாம படுக்கவெச்சு வைங்க, எடை அதுமேல விழாது. ஒட்டியே ஆகணும்னா பாரலாய்ட் பி-72 பசை ஒரு துளி, அசிட்டோன் தொட்டா கழண்டுரும். ஃபெவிக்விக் எப்பவும் கூடாது.

நூல்கண்டு:
ரிப்பனை தண்ணில போட்டுடாதீங்க, பட்டுச் சாயம் ஓடும், இஸ்திரியும் கூடாது. மெல்லிசு பிரஷ்ஷால தூசி தட்டி, ஆசிட்-ஃப்ரீ பேப்பர்ல தட்டையா வெச்சு தனியா எடுத்துவைங்க. நடுவுல ஆரஞ்சு, ரெண்டு பக்கமும் வெள்ளை, கருப்பு, ஓரத்துல நீலம், 32 மில்லிமீட்டர் அகலத்துல புது ரிப்பன் கெடைக்குது, காட்சிக்கு அதை மெடலுக்குப் பக்கத்துல வெச்சுக்கலாம். மெடலை பிவிசி கவர், கம்பளி, ரப்பர்பேண்ட் கிட்ட வெக்கவேணாம், பிவிசி ஆசிட் விடும், மத்த ரெண்டும் கந்தகம் விட்டு கருக்க வெக்கும். பாலியஸ்டர் கவர், மூடின டப்பா, ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல் பாக்கெட் போதும், ஜெல்லை மட்டும் அப்பப்ப மாத்துங்க. பேர், நம்பர் எல்லாத்தையும் பென்சில்ல ஒரு சீட்டுல எழுதி அதே டப்பால போட்டுடுங்க.