விஏ லோனில் வீடு: அப்ரைசர் பார்த்தால் போதுமா, தனியா இன்ஸ்பெக்‌ஷன் வைக்கணுமா?

வேலந்தாவளத்துப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கங்க. சொந்த ஊர் வேலந்தாவளம், இப்ப இருக்கிறது டெக்சாஸ், சான் அன்டோனியோ. வீட்டுக்காரர் அமெரிக்க ஆர்மியில மெடிக். வாடகை கொடுத்தே ஓஞ்சு போய், விஏ லோன்ல (அமெரிக்காவுல படைவீரர் நலத்துறை, அதான் விஏ, ராணுவக்காரங்களுக்குப் பொறுப்பேத்துக்கிற வீட்டுக் கடன்) ஒரு வீடு பார்த்திருக்கோம். 1987ல கட்டினது, மூணு பெட்ரூம், பின்னாடி சுவரை ஒட்டி ஒரு பெரிய ஓக் மரம். முன்பணம் வேண்டாம். ஆனா முதல் தடவைங்கிறதால ஃபண்டிங் ஃபீன்னு விஏ-க்குக் கட்டற கட்டணம் 2.15 சதவீதம், அதை லோனோட சேர்த்துடறாங்க. கையில இருக்கிற சேமிப்பு மத்த செலவுக்கே சரியாப் போயிடும்.

எங்க ஏஜென்ட் சொல்றது: "விஏ-வே ஆள் அனுப்பிப் பார்க்குது. அவங்க சரின்னா வீடு நல்லா இருக்குன்னுதான் அர்த்தம். எதுக்குத் தனியா இன்ஸ்பெக்டருக்கு 500 டாலர்?" வீட்டுக்காரரும் அதையே சொல்றார். எனக்கு மனசு ஒப்பலைங்க. ஹால்லிருந்து பெட்ரூமுக்குப் போற கதவு நிலைக்கு மேல, மூலையில இருந்து சாய்வா ஒரு கோடு. அந்த இடத்துல மட்டும் பெயின்ட் புதுசு. கேட்டா, "பழைய வீடுன்னா அப்படித்தான்"ங்கிறாங்க. விஏ-ல வாங்கினவங்க சொல்லுங்க.

கில்லீன் தம்பி:
அக்கா, நான் விஏ-ல வாங்கி நாலு வருஷம் ஆச்சு. லோன் கொடுக்கிறது பேங்க்தான், அதுல ஒரு பங்குக்கு விஏ பொறுப்பு ஏத்துக்குது. வர்ற அப்ரைசர், அதாவது வீட்டுக்கு மதிப்பு போடறவர், பார்க்கிறது ரெண்டு விஷயம். கேட்கிற விலைக்கு வீடு தகுமா. விஏ போட்டிருக்கிற குறைந்தபட்ச நிபந்தனைக்குள்ள இருக்கா. கூரை, தண்ணி, கரன்ட், ஹீட்டர், கண்ணுக்குத் தெரியற ஆபத்து, இவ்வளவுதான். ஏசியை ஓடவிட்டுப் பார்க்கிறதும், சாமானை நகர்த்திப் பார்க்கிறதும் அவர் வேலை இல்லை. இது இன்ஸ்பெக்‌ஷன் இல்லை, வீட்டுல குறை இல்லைன்னு நாங்க உத்தரவாதம் தரலைன்னு விஏ-வே சொல்லுது.

இன்னொண்ணு. ஒப்பந்தத்துல எஸ்கேப் கிளாஸ்னு ஒரு நிபந்தனை இருக்கு, அதை நம்பி உட்கார்ந்துடாதீங்க. விஏ போட்ட மதிப்பை விட விலை அதிகமா இருந்தா அட்வான்ஸோட வெளிய வரலாம், அதுக்கு மட்டும்தான் அது. அஸ்திவாரம் போயிருக்குன்னு பின்னாடி தெரிஞ்சா அது உதவாது. டெக்சாஸ்ல உங்களைக் காப்பாத்தறது ஆப்ஷன் பீரியட். ஒப்பந்தத்துல எத்தனை நாள்னு எழுதி, அதுக்கு ஒரு தொகை கட்டிட்டா, அந்த நாளுக்குள்ள எந்தக் காரணமும் சொல்லாம விலகலாம். இன்ஸ்பெக்டரை அதுக்குள்ள வரவைங்க. மாநில லைசன்ஸ் இருக்கான்னு பாருங்க.

சாப்பர் ஹவில்தார், கொழிஞ்சாம்பாறை:
அம்மிணி, பக்கத்து ஊர்க்காரன் எழுதறேன். இந்திய ராணுவத்தோட பொறியியல் படை மெட்ராஸ் சாப்பர்ஸ்ல இருபத்திரண்டு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். அமெரிக்கச் சட்டத்தைத் தம்பி சொல்லிட்டார். நான் சொல்ல வர்றது அந்தக் கோட்டைப் பத்தி.

2014ல பென்ஷன் பணத்தோட பேங்க் லோனும் சேர்த்து இங்க ஒரு கட்டின வீட்டை வாங்கினேன். பேங்க்ல இருந்து வேல்யூயர் வந்தாரு. டேப் பிடிச்சு அளந்தாரு, முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ, கால் மணி நேரத்துல கிளம்பிட்டாரு. ரிப்போர்ட் சுத்தமா வந்துது. பேங்க்கே பார்த்துடுச்சேன்னு நானும் விட்டுட்டேன். பாலம் கட்டின கை இது, என் சொந்த வீட்டுல ஒரு குழி தோண்டி மண்ணைப் பார்க்கலை.

நம்ம சித்தூர் தாலுகா கிழக்குப் பக்கம் கருமண்ணுன்னு உனக்கே தெரியும். தண்ணி குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கும். 2016ல மழை பொய்ச்சு கேரளாவே வறட்சின்னு அறிவிச்சாங்க பாரு, அந்தக் கோடையில படுக்கை ரூம் கதவு நிலையில இடிச்சுது. ஆசாரியைக் கூப்பிட்டுச் சீவினேன். அடுத்த மாசம் நிலை மூலையில இருந்து சாய்வா ஒரு வெடிப்பு. சுண்ணாம்பு வச்சு அடைச்சேன், மறுபடியும் விட்டுது. அப்புறம் புத்தி வந்து, வெடிப்புக்குக் குறுக்க ஒரு கண்ணாடித் துண்டை ரெண்டு பக்கமும் சிமென்ட் வச்சு ஒட்டினேன். சுவர் அசையலைன்னா கண்ணாடி அப்படியே இருக்கணும். இருபத்தாறாம் நாள் காலையில பார்த்தா நடுவுல கீறி ரெண்டா நின்னுது. என் வீட்டம்மா ஒண்ணும் பேசலை, கதவைப் பிடிச்சுட்டு நின்னாங்க. 2018 பெருமழையில அதே வெடிப்பு பாதி மூடிக்கிச்சு, எதிர்ச் சுவர்ல புதுசா ஒண்ணு கிளம்பிச்சு.

அஸ்திவாரத்தைப் பிடிச்சுக் கட்ட மூணே முக்கால் லட்சம் ஆச்சு. வாங்கும்போதே ஒரு இன்ஜினீயரைக் கூட்டிட்டுப் போயிருந்தா ஐயாயிரம் ரூபாய். பேங்க்குல போய்க் கேட்டதுக்கு, "வேல்யூயர் எங்க பணத்துக்குப் பார்த்தாருங்க, உங்களுக்காக இல்லை"ன்னு சொன்னாங்க. ராத்திரியெல்லாம் அந்தப் பேச்சு காதுல இருந்துது.

டாலஸ்ல இருந்து ஐ-35 நெடுஞ்சாலை ஓரமா சான் அன்டோனியோ வரைக்கும் இதே மாதிரி கருமண் உண்டு. கோடையில வீட்டைச் சுத்தி ரப்பர் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணி விடறாங்களாம், அங்க இருக்கிற என் அக்கா மகன் சொன்னான். நீ பார்த்த வீட்டுல ஓக் மரம் சுவரை ஒட்டி இருக்குங்கிற. வறட்சியில மரம் அடிமண்ணுல இருக்கிற ஈரத்தை இழுக்கும், அந்தப் பக்கம் தரை இறங்கும். நிலை மூலையில சாய்வான கோடு, அதுக்கு மேல புது பெயின்ட். விடாதே கண்ணு. இன்ஸ்பெக்டர் மட்டும் போதாது, அவர் சந்தேகம்னு எழுதினா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரையும் கூப்பிடு.

வர்ஜீனியா வாசகி:
500 டாலர் பாரம்தான், அதுக்காக விட்டுடாதீங்க. சின்னச் சின்னக் குறைக்கெல்லாம் ரிப்பேர் கேட்க மாட்டோம், பெருசா ஏதாவது இருந்தா மட்டும் பேசுவோம்னு முதல்லயே சொல்லிடுங்க. விக்கிறவங்க முறைச்சுக்க மாட்டாங்க. எங்களுக்கு அப்படித்தான் முடிஞ்சுது.

வேலந்தாவளத்துப் பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மாமா எழுதினதை வீட்டுக்காரருக்கு சத்தமா வாசிச்சுக் காட்டினேன். கண்ணாடி கீறின இடத்துல நிறுத்தச் சொல்லிட்டு, அவரே போனை எடுத்து இன்ஸ்பெக்டருக்குப் பேசிட்டார். சனிக்கிழமை காலை எட்டரைக்கு வர்றாங்க. ஆப்ஷன் பீரியட் திங்கள் வரைக்கும் இருக்கு. மாமா, நாங்களும் கூட நிக்கறோம், என்ன பார்க்கணும்?

சாப்பர் ஹவில்தார், கொழிஞ்சாம்பாறை:
எல்லாக் கதவையும் ஒரு தடவை சாத்தித் திற அம்மிணி, எது உரசுதுன்னு குறிச்சுக்கோ. ஒரு கோலிக்குண்டு கொண்டு போ. ஹால் தரையில நாலு இடத்துல வை, எந்தப் பக்கம் உருளுதுன்னு பாரு. வெளியில மரத்துப் பக்கம் செங்கல் இணைப்புல படிக்கட்டு மாதிரி வெடிப்பு இருக்கான்னு போட்டோ எடுத்து இங்க போடு. ராத்திரி ஆனாலும் பார்த்துட்டுப் பதில் எழுதறேன்.