புதுப்பிப்பு: நடிகர்கள் வரும் திகில் எஸ்கேப் ரூமுக்குப் போய் வந்தோம்

பயந்த சுபாவமுள்ள தங்கையை, நிஜ நடிகர்கள் வந்து மிரட்டும் திகில் எஸ்கேப் ரூமுக்கு (பூட்டிய அறைக்குள் துப்புகளைத் தேடி, குறித்த நேரத்துக்குள் வெளியே வரும் விளையாட்டு) அழைத்துப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போனோம், நால்வரும் கடைசிவரை உள்ளே இருந்தோம்.

கைகொடுத்தது, "தொடக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்" என்ற யோசனைதான். விளையாட்டை நடத்துபவரிடம் சொன்னதும் தங்கையின் மணிக்கட்டில் ஒளிரும் பட்டை ஒன்றைக் கட்டினார். நடிகர்கள் அவளை நெருங்கவே இல்லை. ஆட்டத்தை நிறுத்த ஒரு சொல்லும் பேசி வைத்திருந்தோம். அது தேவைப்படவில்லை, ஆனால் இருக்கிறது என்பதே அவளுக்குத் தைரியம். அவளை நடுவில் நிறுத்தும் யோசனை மட்டும் சரிவரவில்லை. குறுகலான வழியில் ஒவ்வொருவராகத்தான் தவழ முடிந்தது.

எதிர்பாராதது ஒன்று. 60 நிமிடத்தில் 20 நிமிடம் ஒரே பூட்டில் போய்விட்டது. நர்ஸ் வேடத்தில் வந்தவர் முனகியபடி கட்டில்களை எண்ணிக்கொண்டே போனார், மூன்றாவதை மட்டும் விட்டுவிட்டு. சுவரோடு ஒட்டி நின்ற எங்களுக்கு அது காதில் ஏறவில்லை. அவர் மறுபடி வந்தபோது தங்கைதான் பிடித்தாள். சாவி மூன்றாவது கட்டிலுக்கு அடியில்! நடிகர் பேசுவதும் துப்புதான். அதைக் கேட்க மட்டும் ஒருவரை ஒதுக்கிவிடுங்கள்.