புது ஹீட்டர் மாட்டியபின் டிரையர் டிரிப் ஆகிறது, அவசரம், உதவுங்கள்

ஈரத்துணி:
எல்லோருக்கும் வணக்கம். துணி காயவைக்கும் டிரையரில் சூடு வரவில்லை என்று பழைய ஹீட்டரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி நானே மாட்டினேன். சூடு நன்றாக வருகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் டிரிப் ஆகிவிடுகிறது. 3 தடவை போட்டுப் பார்த்தேன், 3 தடவையும் இதே கதை. மீட்டர் வைத்துப் பார்த்தேன், காயில் நல்லாத்தான் இருக்கிறது. துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மூன்றாம்பின்:
என்ன மாடல்? எது டிரிப் ஆகிறது, எம்சிபியா (அதிகக் கரண்ட் போனால் விழும் பிரேக்கர்) ஆர்சிசிபியா (எர்த்துக்குக் கரண்ட் ஒழுகினால் விழுவது)? கொஞ்ச நேரம் என்றால் 10 வினாடியா, 10 நிமிடமா? ஹீட்டர் திறந்த கம்பிச் சுருளா, குழாய் வடிவமா? மீட்டரை எங்கிருந்து எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? இது எதுவும் தெரியாமல் சொன்னால் ஜோசியம்தான்.

பஞ்சுவேட்டை:
பஞ்சு. கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன், பஞ்சுதான். வடிகட்டியை மட்டும் தட்டிவிட்டு வந்திருப்பீர்கள். அதற்குக் கீழே இருக்கும் குழியில், மின்விசிறியின் இறக்கைகளில், பின்னால் போகும் புகைக்குழாய் வளைவில் எல்லாம் போர்வை மாதிரி படிந்திருக்கும். காற்று ஓடவில்லை என்றால் ஹீட்டர் தன் சூட்டிலேயே வெந்துபோகும். உங்கள் பழைய ஹீட்டர் செத்ததும் இதனால்தான்.

சீரிஸ்பல்பு:
ஒரு 100 வாட் பல்பைத் தொடராகக் கொடுத்து, ஒரு முனை ஹீட்டரில், ஒரு முனை பாடியில். பல்பு எரிந்தால் பாடி ஷார்ட், அதாவது காயில் மெஷினின் உலோக உடலைத் தொடுகிறது. 2 நிமிட வேலை. மீட்டரே வேண்டாம்.

ஓம்விதி:
புதிதாக வருகிறவர்கள் மேலே ஒட்டி வைத்திருக்கும் 'கேட்பதற்கு முன்' குறிப்பைப் படிக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்வது? "காயில் நல்லா இருக்கிறது" என்பது அளவு அல்ல, அபிப்பிராயம். எத்தனை ஓம்?

@பஞ்சுவேட்டை, காற்று அடைத்தால் விழுவது மெஷினுக்குள் இருக்கும் உச்சவரம்பு தெர்மோஸ்டாட் (சூடு எல்லை மீறினால் ஹீட்டரை நிறுத்துவது), அதையும் தாண்டினால் ஒரேயடியாக அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸ். சுவரில் இருக்கும் பிரேக்கர் ஏன் விழப் போகிறது? ஹீட்டர் எவ்வளவு சூடானாலும் அது இழுக்கும் கரண்ட் ஏறாது. காயிலின் நிக்ரோம் கம்பி சூடானால் ஓம் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

பஞ்சுவேட்டை:
சரி ஐயா. ஆனாலும் பஞ்சைச் சுத்தம் செய்யச் சொன்னது தப்பா?

ஈரத்துணி:
மன்னிக்கவும், வேலைக்குப் போய்விட்டேன். 230 வோல்ட், ஹீட்டரில் 2000 வாட் என்று போட்டிருக்கிறது. 26 ஓம் காட்டியது. திறந்த சுருள்தான், தகரப் பெட்டிக்குள் வெள்ளைப் பீங்கான் வளையங்களில் கோர்த்து வந்தது. டிரிப் ஆவது டெஸ்ட் பொத்தான் இருக்கும் அந்தப் பெரியது. 5, 6 நிமிடம் ஓடியபிறகு. திரும்பத் தூக்கிவிட்டால் உடனே விழுகிறது, கொஞ்சம் ஆறவிட்டுப் போட்டால் மறுபடி 5 நிமிடம் ஓடுகிறது.

மூன்றாம்பின்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! டெஸ்ட் பொத்தான் இருந்தால் அது ஆர்சிசிபி. லைனில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லாவிட்டால் விழும். வீட்டில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர். ஆக, எங்கோ எர்த்துக்குக் கரண்ட் ஒழுகுகிறது.

230 வோல்டில் 2000 வாட் என்றால் கணக்குப்படி 26.45 ஓம். உங்கள் 26 சரி. ஆனால் அது காயில் அறுபடவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி. காயிலுக்கும் தகரப் பெட்டிக்கும் நடுவில் அளந்தீர்களா?

மேகமூட்டம்:
புது ஹீட்டரில் இது சகஜம் ப்ரோ. உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் குடிக்கும். கடையில் ரொம்ப நாள் கிடந்திருக்கும். ஆர்சிசிபி இல்லாத லைனில் அரை மணி நேரம் ஓடவிட்டால் ஈரம் போய்விடும்.

ஓம்விதி:
பொடி இருப்பது உறை போட்ட குழாய் ஹீட்டரில். இவருடையது திறந்த சுருள். பொடியே இல்லாத ஹீட்டரில் பொடி எங்கிருந்து ஈரம் குடிக்கும்? இன்னொன்று, ஈரத்தால் ஒழுகினால் ஆறியிருக்கும்போது விழும், சூடேற ஏறச் சரியாகும். இவருக்கு நேர்மாறாக நடக்கிறது. சூடான பிறகு விழுகிறது. படித்துவிட்டுப் பதில் போடலாம்.

கோபுரக்குளிர்:
எர்த் ஒயரைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். டிரிப் ஆகாது. எங்கள் வீட்டு மெஷின் 2 வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

மூன்றாம்பின்:
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். எர்த்தைக் கழற்றினால் ஒழுக்கு நிற்காது, போக வழியில்லாமல் பாடியிலேயே நிற்கும். ஈரத்துணியை எடுக்கப் போகிற கைதான் அடுத்த எர்த். அப்போது ஆர்சிசிபி விழும், ஆனால் உங்கள் உடம்பு வழியாகப் போன பிறகு விழும். @கோபுரக்குளிர், இன்றைக்கே அந்த ஒயரைத் திரும்ப மாட்டுங்கள். @மேகமூட்டம், ஆர்சிசிபி இல்லாத லைனில் போடச் சொல்வதும் இதே ரகம்தான்.

தகரப்பெட்டி:
நான் 11 வருடம் இந்த வேலை பார்த்தவன். சூடானபின் மட்டும் விழுகிறது என்றால் பத்தில் எட்டு, மாட்டியதில் ஏதோ இருக்கிறது. சுருள் சிவக்கும்போது நீளும், நீண்டால் தொய்யும். ஆறியிருக்கும்போது தகரத்திலிருந்து நகக்கண் அளவு தள்ளி நிற்கும் கம்பி, சிவந்ததும் போய்த் தொட்டுவிடும். ஆறினால் திரும்பத் தன் இடத்துக்கு வந்துவிடும். நீங்கள் குளிர்ந்தபின் மீட்டர் வைத்தால் பரிசுத்தமாகக் காட்டும்.

எங்கெல்லாம் தப்பு நடக்கும் என்று சொல்கிறேன். பெட்டியை எடுக்கும்போது சுருளில் கை பட்டு ஓரிடம் இழுபட்டிருக்கலாம். அப்போது அங்கே சுருளின் சுற்றுகள் அகன்று, பக்கத்தில் நெருங்கி நிற்கும். நெருங்கிய இடம் அதிகமாகச் சிவக்கும், அதுதான் முதலில் தொய்யும். ஒரு பீங்கான் வளையத்தில் விரிசல் இருக்கலாம், அல்லது அதைப் பிடிக்கும் தகரக் காதிலிருந்து வெளியே வந்திருக்கலாம். பெட்டி லேசாக நசுங்கியிருக்கலாம். சில மாடலில் பெட்டி நிமிர்ந்து நிற்கும், அதைத் தலைகீழாக மாட்டியும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் முனைகள். பழைய ஸ்பேட் கனெக்டர் (தட்டையாகச் சொருகும் முனை) தளர்ந்திருந்தால் அந்த இடமே தீய்ந்து கருகும், ஒயரின் உறை உருகிப் பாடியில் ஒட்டும். புது லக் (ஒயர் முனையில் பொருத்தும் உலோகத் துண்டு) போட்டால் நன்றாக நசுக்கிப் போடுங்கள், ஈயப்பற்று வைக்காதீர்கள். சாதா ஈயப்பற்று 183 டிகிரி செல்சியஸில் உருக ஆரம்பித்துவிடும். அங்கே சாதாரண பிவிசி ஒயரும் கூடாது, சூடு தாங்கும் கண்ணாடி இழை உறை ஒயர் வேண்டும்.

ஈரத்துணி:
நன்றி சார். பெட்டியை நேராகத்தான் மாட்டினேன், பழைய போட்டோ பார்த்து. கனெக்டர் பழையதுதான், இறுக்கமாக இருந்தது. பீங்கான் எல்லாம் முழுசாகத்தான் இருந்த மாதிரி ஞாபகம். திருகு ஒன்று மட்டும் உருண்டு மெஷினுக்கு அடியில் போய்விட்டது, டப்பாவிலிருந்து வேறொன்று போட்டேன். மற்றபடி எல்லாம் அதே.

சீரிஸ்பல்பு:
யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை. பல்பு போட்டிருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும்.

ஓம்விதி:
உங்கள் பல்புக்கு வருகிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லைனிலிருந்து பல்பு வழியாக பாடிக்குக் கரண்ட் கொடுக்கச் சொல்கிறீர்கள். பழுது இருந்தால் பாடி முழுக்க லைன். பக்கத்தில் நிற்பவன் கதி? பாடி எங்காவது எர்த்தைத் தொட்டிருந்தால், ஆர்சிசிபி வழியாகக் கொடுக்கும்போது பல்பு முழுசாக எரியுமுன் அதுவும் விழும். இந்த வேலைக்கு மெக்கர் என்ற இன்சுலேஷன் மீட்டர் இருக்கிறது, 500 வோல்டில் சோதிக்கும், கரண்ட் மிகச் சொற்பம்.

சீரிஸ்பல்பு:
மெக்கர் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? நான் இதே பல்பைப் பலகையில் பொருத்திய சீரிஸ் போர்டு வைத்து எத்தனை மோட்டார் பார்த்திருப்பேன் தெரியுமா? 9 வோல்ட் பேட்டரி மீட்டர் காட்டாததை 230 வோல்ட் காட்டும்.

ஓம்விதி:
அதில் மட்டும் நீங்கள் சொல்வது சரி. மீட்டர் கொடுக்கும் வோல்டேஜுக்கு இன்சுலேஷன் தாங்கும், 230க்குத் தாங்காமல் போகலாம். அதனால்தான் மெக்கர் என்கிறேன். கையில் தொங்கும் பல்பு இல்லை.

சீரிஸ்பல்பு:
கையில் தொங்கவிடச் சொன்னேனா? மர போர்டில் ஹோல்டர் அடித்து வைத்திருக்கிறேன்.

நடுக்கோடு:
குறுக்கே வருகிறேன். என் வீட்டில் வட அமெரிக்க மாடல், 240 வோல்ட், இரண்டு லைன். எனக்கும் காயில் பாடியில் தொட்டது, ஆனால் டிரிப்பே ஆகவில்லை. மாறாக, சூடு நிற்கவே இல்லை. சூடு வேண்டாம் என்று வைத்தாலும் துணி பொசுங்கியது. கடைசியில் தெர்மல் ஃபியூஸ் போய் மோட்டாரும் நின்றது. இது எப்படி?

மூன்றாம்பின்:
நல்ல கேள்வி. அந்த மெஷின்களில் காயிலின் ஒரு முனைக்குத் தெர்மோஸ்டாட் வழியாக ஒரு லைன், மறு முனைக்கு மோட்டாரில் இருக்கும் சுவிட்ச் வழியாக இன்னொரு லைன் வரும். தெர்மோஸ்டாட் திறந்தால் முதல் லைன் மட்டும்தான் அறும். காயில் நடுவில் பாடியைத் தொட்டுவிட்டால் மற்ற லைனிலிருந்து அந்த இடம் வரை 240இல் பாதியான 120 வோல்டில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், மோட்டார் சுற்றும் வரை.

பிரேக்கர் ஏன் விழவில்லை என்றால், 5400 வாட் காயிலுக்குச் சுமார் 10.7 ஓம். சரியாக நடுவில் தொட்டால் பாதி, 5.3 ஓம். 120ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 22.5 ஆம்பியர். முழுக் காயிலும் 240இல் ஒழுங்காக ஓடும்போதும் அதே 22.5தான். 30 ஆம்பியர் பிரேக்கருக்கு வித்தியாசமே தெரியாது. அந்த லைனில் எர்த் ஒழுக்கைப் பார்க்கும் பிரேக்கர் இல்லாததால் தப்பித்தது, அல்லது மாட்டிக்கொண்டது.

நடுக்கோடு:
ஓ. இதற்குத்தான் தெர்மோஸ்டாட்டை 2 தடவை மாற்றினேன்.

பஞ்சுவேட்டை:
அந்தத் தெர்மல் ஃபியூஸ் போனதற்குப் பஞ்சும் காரணமாக இருந்திருக்கும்.

இரண்டாம்கிளிப்:
இங்கே புதியவன், தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி சார் ஒரு திருகை மாற்றிப் போட்டதாக எழுதியிருக்கிறார், யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. அந்தத் திருகு எங்கே போனது? ஹீட்டர் பெட்டியைப் பிடிக்கும் இடத்திலா? பழையதைவிட நீளமா? பெட்டித் தகரத்தைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால், காயில் தொய்ந்து அதன் முனையில் பட வாய்ப்பு இருக்கிறதே.

தகரப்பெட்டி:
தம்பி, சபாஷ். எனக்கே கண்ணில் படவில்லை. அந்த இடத்தில் கம்பெனி போடுவது குட்டைத் திருகு, பல மாடலில் முனை மழுங்கியிருக்கும், அது காரணத்தோடுதான். கூர் திருகு போட்டால் உள்ளே ஈட்டி மாதிரி நிற்கும்.

ஓம்விதி:
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

மூன்றாம்பின்:
@ஈரத்துணி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறியபிறகு பெட்டியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி தொட்ட இடத்தில் கறுப்புப் புள்ளியோ, நெருப்புப் பொரித்த குழியோ இருக்கும். திருகு முனையிலும் தெரியும். அது இல்லை என்றால், டிரிப் ஆனவுடன் பிளக்கைப் பிடுங்கி, எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டு பின்களுக்கும் நடுவில் சூட்டோடு சூடாக அளந்து பாருங்கள்.

ஓம்விதி:
குமிழ் டைமர் மாடலாக இருந்தால் பிளக்கில் அளப்பது சில சமயம் வேலைக்கு ஆகும். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போர்டு இருந்தால் மெஷின் நின்றவுடன் ஹீட்டர் பிளக்கிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்கும், பிளக்கில் ஒன்றும் தெரியாது. எதுவும் காட்டவில்லை என்பதால் பழுது இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. இவர் இன்னும் மாடலே சொல்லவில்லை.

(2 நாள் கழித்து)

கோபுரக்குளிர்:
எர்த் மாட்டிவிட்டேன். உடனே டிரிப் ஆகிறது. என் மெஷினைத் தனி இழையில் போடட்டுமா?

மூன்றாம்பின்:
போடுங்கள். மாடல், எத்தனை ஓம், எது டிரிப் ஆகிறது, எல்லாம் முதல் பதிவிலேயே. அதுவரை ஓட்டாதீர்கள்.

ஈரத்துணி:
திருகுதான். நீளம். மாற்றிவிட்டேன், 1 மணி நேரம் ஓடியது, டிரிப் இல்லை. எல்லோருக்கும் நன்றி.

தகரப்பெட்டி:
நல்லது. கம்பியில் திருகு பட்ட இடம் எப்படி இருக்கிறது? பொரிந்து மெலிந்திருந்தால் அந்த இடம் மற்றதைவிட அதிகம் சிவந்து சீக்கிரமே அறுந்துவிடும். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இரண்டாம்கிளிப்:
அடியில் உருண்டுபோன பழைய திருகு கிடைத்ததா சார்? டிரம்முக்கு அருகில் கிடந்தால் அதுவும் வம்பு.

(1 வாரம் கழித்து)

தகரப்பெட்டி:
@ஈரத்துணி, கம்பியைப் பார்த்தீர்களா?

சீரிஸ்பல்பு:
அவர் துணி காய்ந்துவிட்டது, இனி வரமாட்டார். சொல்லி வைக்கிறேன், பல்பு போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இரண்டாம்கிளிப்:
முதல் நாள் காயில் ஆறியிருந்ததே அண்ணா, திருகில் தொட்டிருக்காதே. பல்பு எப்படி எரிந்திருக்கும்?

சீரிஸ்பல்பு:
சூடாக்கிவிட்டுப் போட்டிருப்பேன்.