செப்புக் குடத்துத் தண்ணீரும் உடம்பில் மிகும் செம்பும்: ஓர் ஐயம்

பொருநைக்கரை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களாக எங்கள் வீட்டில் செப்புக் குடத்துத் தண்ணீரையே குடித்து வருகிறோம். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. சென்ற வாரம் என் மாமனார் செப்புச் சொம்பில் எலுமிச்சம்பழச் சாற்றைத் தண்ணீர் கலந்து இரவே ஊற்றி வைத்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் குடித்தார். அரை மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வந்தன. காசை வாயில் போட்டுக்கொண்டது போன்ற சுவை மதியம் வரை நாக்கைவிட்டுப் போகவில்லை என்றார். சொம்பின் விளிம்புக்கு உட்புறம் நீலப்பச்சையாகக் களிம்பு படிந்திருந்தது. செம்பு உடம்புக்குத் தேவை என்கிறார்களே, அப்படியானால் இது எதனால்? எட்டு வயது மகனுக்கும் அந்தத் தண்ணீரைத்தான் கொடுக்கிறேன், நிறுத்திவிட வேண்டுமா?

செங்காந்தள்:
கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். புளி போட்டுத் தேய்த்தால் செம்பு பளிச்சென்று ஆவது ஏன்? புளியின் அமிலம் படிந்ததைக் கரைத்து எடுத்துவிடுகிறது. அந்த வேலையை எலுமிச்சைச் சாறு இரவு முழுவதும் செய்திருக்கிறது. கரைந்தது அத்தனையும் உங்கள் மாமனாரின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. மோர், ரசம் எதையும் வெள்ளீயம் பூசாத செம்பிலோ பித்தளையிலோ வைக்கலாகாது.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.9 மில்லிகிராம் செம்பு போதும். இரும்பை இரத்தத்தில் சேர்ப்பதற்கும் நரம்புகளுக்கும் அது தேவை. மிகுந்ததைக் கல்லீரல் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சுத்தமான குடத்தில் ஓர் இரவு வைத்த வெறும் தண்ணீரில் பொதுவாக அந்த அளவுக்குக் கரையாது. கைக்குழந்தையின் பாலை மட்டும் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் காய்ச்சவே கூடாது. பால் செம்பைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். நம் நாட்டில் பச்சிளம் பிள்ளைகளைக் கொன்ற கல்லீரல் இறுக்க நோய்க்கு அதையே முக்கியக் காரணமாகக் கருதினார்கள்.

முல்லைநிலம்:
வில்சன் நோயுள்ள பெண்ணின் தாய் நான். மேலே சொன்ன வெளியேற்றம் என் மகளுக்கு நடப்பதில்லை. ஏடிபி7பி என்னும் மரபணு பழுதாகிவிட்டால் செம்பு முதலில் கல்லீரலிலும், பிறகு மூளையிலும் கண்ணிலும் தேங்கிவிடும். பதின்மூன்று வயதில் அவள் கையெழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கியது; டம்ளர் கையிலிருந்து நழுவியது. பள்ளியில் கவனக்குறைவு என்றார்கள், நானும் திட்டினேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கண் மருத்துவர்தான் கருவிழியின் ஓரத்தில் பழுப்புப்பச்சை வளையத்தைக் கண்டு, இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மினின் பரிசோதனைக்கும், ஒரு நாள் முழுவதும் சேகரித்த சிறுநீரில் செம்பை அளக்கவும் அனுப்பினார்.

ஏறத்தாழ முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். நான் என் அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள். உடன்பிறந்தவர்களுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால் மகனையும் பரிசோதித்தோம். எந்தக் குறியும் தெரியாத அவனுக்கும் இருந்தது. மகள் செம்பைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் பெனிசிலமின் மருந்தும், மகன் குடலில் செம்பை உறிஞ்சவிடாத துத்தநாக மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை. ஈரல், முந்திரி, காளான், சாக்லேட் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டோம். செப்புப் பாத்திரம் வீட்டிலேயே இல்லை.

பொருநைக்கரை:
இருவருக்கும் நன்றி. முல்லைநிலம் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு மாமியாரிடம் விசாரித்தேன். என் கணவரின் தம்பி பதினாறு வயதில் மஞ்சள் காமாலை முற்றி இறந்தவர். காரணம் என்னவென்று அன்று யாருக்கும் தெரியவில்லை. எங்களுடையதும் சொந்தத்துக்குள் நடந்த திருமணம்தான். திங்கட்கிழமை மகனைக் கல்லீரல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, நீங்கள் சொன்ன இரு பரிசோதனைகளையும் பற்றிக் கேட்கப் போகிறேன். அதுவரை குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவனுக்கு மண்பானைத் தண்ணீர்தான்.