பொட்டாசியம் சேனலை மருந்து எப்படிங்க திறக்குது?

செல் சவ்வுல பொட்டாசியம் அயனி போற துளைதானே சேனல், அதை அடைக்கிற மருந்துன்னா புரியுது, ஓட்டையில தக்கை வச்ச மாதிரி. ரெட்டிகாபின்ங்கிற வலிப்பு மருந்து எப்படி திறக்கும்? நாளைக்கு செமினார் இருக்கு, யாராச்சும் சொல்லுங்களேன்

பதில் 1: அது அயனி போற வழியிலயே உக்காராது தம்பி. நியூரான்ல, அதாவது நரம்பு செல்லுல, இருக்கிற கேசிஎன்க்யூ2ங்கிற பொட்டாசியம் சேனல் புரதத்துல 236வது இடத்துல ட்ரிப்டோஃபான்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு, அங்க பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டு கதவு திறந்த நிலையையே தாங்கிப் பிடிக்குது, அதனால இன்னும் நெகட்டிவான வோல்டேஜ்லயே திறந்துடும், பொட்டாசியம் வெளிய போயி நியூரான் அடங்கிடும், வலிப்பு குறையும். அந்த ட்ரிப்டோஃபானை மாத்திட்டா மருந்து பாச்சா பலிக்காது

பதில் 2: ரெட்டிகாபின் சாப்பிட்டவங்களுக்கு தோலு, நகமெல்லாம் நீலமாச்சே, அந்த மருந்து 2017ல மார்க்கெட்ட விட்டே போச்சு

பதில் 3: முடி வளர தடவுற மினாக்ஸிடிலும் சேனலைத் திறக்கிற மருந்துதான். உடம்புல சல்ஃபேட்டா மாறினாதான் கேஏடிபிங்கிற இன்னொரு வகை பொட்டாசியம் சேனலைத் திறக்கும். பிபி மாத்திரையா வந்தது, நான் மண்டையில தடவிக்கிட்டிருக்கேன் 😄